ஆங்கில மரபுத்தொடர்கள்: பாடநூலில் படித்தவை எங்கே, அலுவலகத்தில் புழங்குபவை எவை?

கேள்வி: துறைமுகத்தான்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில், கப்பல் சரக்கு ஆவணங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். இலண்டனிலும் சிகாகோவிலும் உள்ள வாடிக்கையாளர்களோடு அன்றாடம் மின்னஞ்சலிலும் காணொளிக் கூட்டத்திலும் பேச வேண்டிய வேலை. பள்ளித் தேர்வுக்காக மனப்பாடம் செய்த 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', 'கிக் த பக்கெட்' போன்ற மரபுத்தொடர்களை இந்தக் கூட்டங்களில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாறாக 'டச் பேஸ்', 'பால்பார்க் ஃபிகர்', 'சர்க்கிள் பேக்', 'டேக் இட் ஆஃப்லைன்' என்று எந்தப் பட்டியலிலும் நான் படித்திராத தொடர்கள் நிமிடத்துக்கு ஒன்றாக வந்து விழுகின்றன. பொருளை ஒருவாறு ஊகித்துக்கொள்கிறேன். ஆனால் ஊகத்தை நம்பி விலைப்பட்டியல் அனுப்ப முடியாது அல்லவா?

சென்ற வாரம் நடந்த ஒன்றுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். டெமரேஜ் (கப்பலோ சரக்கோ குறித்த கெடுவைத் தாண்டித் தங்கினால் விதிக்கும் தாமதக் கட்டணம்) தொகை தொடர்பான சிக்கலை வியாழக்கிழமைக் கூட்டத்தில் 'டேபிள்' செய்வோம் என்று இலண்டன் மேலாளர் எழுதியிருந்தார். சிகாகோ தரப்பினர் அதைப் படித்துவிட்டு, அந்தச் சிக்கல் இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டு, கணக்குத்தாள் எதுவும் இல்லாமல் கூட்டத்துக்கு வந்து அமர்ந்தார்கள். இரு தரப்பினருக்கும் ஆங்கிலமே தாய்மொழி எனும்போது இப்படி நேர்வது எப்படி? பள்ளியில் படித்தவற்றுள் இன்றும் உயிரோடு இருப்பவை எவை? என்னைப் போன்றவர்கள் இவற்றைத் தாமும் எழுதலாமா, அல்லது புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மெய்ப்புத்திருத்துநர்

வணக்கம் நண்பரே. ஆங்கில நூல்களுக்கும் அறிக்கைகளுக்கும் மெய்ப்புப் பார்ப்பதையே நெடுங்காலமாகத் தொழிலாகக் கொண்டவன் என்பதால், முதலில் 'டேபிள்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் வழக்கில் ஒரு பொருளை 'டேபிள்' செய்வது என்றால், அவையின் நடுவே உள்ள மேசையில் அதை வைத்து, விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோருவதாகும். அமெரிக்க அவை நடைமுறையிலோ, ஒரு தீர்மானத்தை மேசைமேல் வைப்பது என்றால், இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பதாகும். மேசை ஒன்றுதான்; அதன்மேல் வைத்த தாளுக்கு அடுத்து என்ன நேர்கிறது என்பதில்தான் இரு நாடுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நம் நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் பிரிட்டிஷ் மரபையே பின்பற்றுவதால், அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்பட்டது என்று செய்தித்தாளில் படிக்கும்போது அது முன்வைக்கப்பட்டது என்றே நாம் புரிந்துகொள்கிறோம். நீங்கள் இயல்பாகவே இலண்டன் பக்கம் நின்றிருப்பீர்கள்.

இந்தக் குழப்பம் உங்கள் டெமரேஜ் கணக்கில் தொடங்கியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க இராணுவத் தலைமையினர் கூடிப் பேசியபோது, பிரிட்டிஷ் தரப்பு அவசரம் என்று கருதிய ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்ய விரும்புவதாகச் சொல்ல, அமெரிக்கர்கள் அது முக்கியமானது, ஒதுக்கக் கூடாது என்று எதிர்க்க, இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்பது புலப்படும்வரை நீண்ட நேரம் காரசாரமான வாக்குவாதம் நடந்ததை வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஆகவே இரு கரைகளுக்கும் சேர்த்து எழுதும் மின்னஞ்சலில் இந்தச் சொல்லை அறவே தவிர்த்துவிடுங்கள். வியாழக்கிழமை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கிறோம் என்றோ, அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கிறோம் என்றோ வெளிப்படையாக எழுதினால் ஒருவருக்கும் ஐயம் வராது.

பள்ளிப் பட்டியலைப் பொறுத்தவரை, அதில் உள்ளவை எல்லாம் செத்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். 'பிரேக் த ஐஸ்' (தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குவது), 'கால் இட் எ டே' (இன்றைக்கு இத்தோடு வேலையை முடிப்பது), 'பேக் டு ஸ்கொயர் ஒன்' (தொடங்கிய இடத்துக்கே திரும்புவது), 'ரீட் பிட்வீன் த லைன்ஸ்' (சொல்லாமல் சொன்னதைப் புரிந்துகொள்வது) ஆகியவை இன்றும் அன்றாடப் பேச்சில் உள்ளன. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதும் உயிரோடுதான் இருக்கிறது. நாம் அத்தி பூத்தாற்போல் என்போமே, அதே எடை, அதே இடம். ஆனால் பெருமழை பெய்யும் நாளில் இலண்டன்காரர் ஜன்னலைப் பார்த்துவிட்டு 'இட்ஸ் போரிங் டவுன்' (மழை கொட்டுகிறது) என்பாரே ஒழிய, பூனையையும் நாயையும் இழுப்பது அரிது. இழுத்தாலும் வேடிக்கைத் தொனியில்தான் இழுப்பார்.

'கிக் த பக்கெட்' பற்றி மட்டும் கூடுதலாக ஓர் எச்சரிக்கை. ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே, இறப்பது என்ற பொருளோடு அது இடம்பெற்றிருக்கிறது. அன்றைக்கே கொச்சை, இன்றைக்கும் கொச்சை. தமிழில் மண்டையைப் போட்டுவிட்டார் என்று சொல்வதற்கு நிகரான தொனி அதற்கு உண்டு. நம் பாடநூல்கள் பொருள் என்ற கட்டத்தில் இறந்தார் என்று அச்சிட்டுவிட்டு, யார் யாரிடம் இதைச் சொல்லலாம் என்ற கட்டத்தை அச்சிடாமலே விட்டுவிடுகின்றன. இரங்கல் மடலில் இது இடம்பெற்றதை என் தொழிலில் கண்டிருக்கிறேன். அதற்குமேல் விவரிக்க மனமில்லை. 'பாஸ்ட் அவே' என்று எழுதுங்கள்.

பதில்: பகலிரவு ஆட்டக்காரர்

நீங்கள் குறிப்பிட்ட தொடர்களைச் சற்று உற்றுப் பாருங்கள், ஐயா. 'டச் பேஸ்', 'பால்பார்க்' இரண்டுமே பேஸ்பால் மைதானத்தோடு தொடர்புடையவை. 'த்ரோ எ கர்வ்பால்' (எதிர்பாராத சிக்கலைத் தருவது), 'ஸ்டெப் அப் டு த பிளேட்' (பொறுப்பேற்க முன்வருவது), 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்' (சற்றும் எதிர்பாராதது), 'கவர் ஆல் த பேஸஸ்' (எதையும் விடாமல் கவனிப்பது) ஆகியவையும் அந்த ஆட்டத்தின் கொடைகளே. அந்த ஆட்டத்தைப் பார்த்தே இராத நமக்கு அவை விளங்காமல் போவதில் வியப்பில்லை. ஓட்டக்காரர் ஒவ்வொரு தளத்தையும் தொட்டுவிட்டுத்தான் மேலே ஓட வேண்டும் என்பது விதி. அதை நினைவில் வைத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை 'டச் பேஸ்' செய்வோம் என்பது விரிவான கூட்டமன்று, நிலவரம் அறிய ஒரு சிறு தொடர்புதான் என்பது விளங்கும். அதற்காக இருபது பக்கச் சிலைடுகளோடு போய் உட்கார வேண்டியதில்லை.

'பால்பார்க் ஃபிகர்' என்பதைத்தான் நீங்கள் கவனமாகக் கையாள வேண்டும், ஏனெனில் அது பணம் சம்பந்தப்பட்டது. குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். கேட்பவர் அதை உறுதி விலையாக எடுத்துக்கொள்வதில்லை என்றாலும், எழுத்தில் கொடுத்த எண் நிலைத்துவிடும் தன்மையுடையது. ஆகவே ஒற்றை எண்ணைக் கொடுக்காமல், இத்தனை டாலரிலிருந்து இத்தனை டாலர் வரை ஆகலாம், துறைமுகக் கட்டணம் உறுதியானபின் இறுதி விலை அனுப்புகிறோம் என்று வரம்போடு எழுதுவதே முறை.

மறுபக்கம், இலண்டன்காரர்களின் கிரிக்கெட் தொடர்களில் நமக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. ஆடுகளத்தை மூடிப் பாதுகாக்காத காலத்தில், மழையில் நனைந்து பிறகு வெயிலில் காயத் தொடங்கும் ஆடுகளத்தில் பந்து எப்படி எழும், எப்படித் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த இக்கட்டைத்தான் 'ஸ்டிக்கி விக்கெட்' என்கிறார்கள். 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் பிறர் தூண்டாமல் தானே முன்வந்து செய்தார் என்று பொருள். உபரி ஓட்டங்களைக் கழித்துவிட்டு, மட்டையாளர் தம் மட்டையால் எடுத்த ஓட்டங்களைச் சொல்லும் வழக்கிலிருந்து வந்தது. 'க்ளோஸ் ஆஃப் ப்ளே' என்பது அலுவலகத்தில் இன்றைய வேலைநேரம் முடிவதற்குள் என்ற பொருளில் வரும். இலண்டன் மின்னஞ்சலில் அதைக் கண்டால் அவர்கள் ஊர் மாலை என்று கொள்ளுங்கள், சென்னை மாலை அன்று. சிகாகோவுக்கு நீங்கள் அதை எழுதினால் விளங்காமல் போகலாம். அங்கே 'க்ளோஸ் ஆஃப் பிசினஸ்' என்பதே வழக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்த முதியவரைப் பற்றிப் பேசும்போது 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள். நம் ஊரில் கல்யாணச் சாவு என்கிறோமே, அதே மனநிலை. ஆனால் அதைச் சொல்லும் உரிமை வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும்தான். வெளியார் முந்திக்கொண்டு சொன்னால் அங்கேயும் முகம் சுளிப்பார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

மேலே பேசியவர்கள் பாடநூலைச் சற்றுக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. பட்டியலாகக் கொடுத்ததுதான் பிழையே தவிர, அவற்றைக் கற்பித்தது பிழையன்று. ஒவ்வொரு தொடரும் எந்தச் சூழலில் பிறந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அதை எங்கே பயன்படுத்துவது என்பதும் கூடவே பிடிபட்டுவிடும்.

'ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் நகரில் தாமஸ் ஹாப்ஸன் என்றொருவர் இருந்தார். அங்கிருந்து இலண்டனுக்குக் கடிதங்களும் சரக்கும் கொண்டுசெல்லும் தொழில் செய்துவந்த அவர், 1631இல் காலமானார். பல்கலைக்கழக மாணவர்களுக்குக் குதிரைகளை வாடகைக்கு விடுவதும் அவர் தொழில்களில் ஒன்று. மாணவர்கள் எல்லோரும் நல்ல குதிரையையே கேட்டு வாங்கி, ஓட்டோ ஓட்டென்று ஓட்டி, அதைக் களைக்கச் செய்துவிடுவதைத் தடுக்க, இலாயத்தின் வாயிலுக்கு அருகே நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் குதிரையே கிடையாது என்று முறை வகுத்தார் என்பார்கள். ஓடித் திரும்பிய குதிரை வரிசையின் கடைசியில் போய் ஓய்வெடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேர்த்தியான நிர்வாகம் பாருங்கள்! கவிஞர் மில்டன் இவருடைய மறைவைப் பற்றி வேடிக்கையும் பரிவும் கலந்து கவிதைகள் எழுதியிருக்கிறார். இந்தக் கதை தெரிந்தவர், இரண்டு கெட்ட வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தர்மசங்கடத்துக்கு இந்தத் தொடரைப் பயன்படுத்த மாட்டார். அதற்கு 'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்' இருக்கிறது. இருப்பதை ஏற்றுக்கொள், இல்லையேல் ஒன்றும் இல்லை என்ற நிலைக்கு மட்டுமே ஹாப்ஸன் பொருந்துவார். உங்கள் துறையில், குறிப்பிட்ட தேதிக்கு ஒரே ஒரு கப்பலில்தான் இடம் இருக்கிறது என்றால், அது ஹாப்ஸனின் குதிரை.

அதேபோல் 'ரீட் த ரயட் ஆக்ட்'. அது உண்மையிலேயே ஒரு சட்டமாக இருந்தது. பிரிட்டனில் 1715 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ அமைதியைக் குலைக்கும்படி கூடினால், நீதித்துறை நடுவர் அவர்கள்முன் வந்து, கலைந்து செல்லும்படி ஆணையிடும் வாசகத்தை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்கள் மரண தண்டனைக்குரிய குற்றவாளிகள் ஆனார்கள். இன்று ஒரு மேலாளர் தம் குழுவுக்கு 'ரயட் ஆக்ட்' படித்தார் என்றால், இனியும் இப்படி நடந்தால் பொறுக்க மாட்டேன் என்று கடைசி எச்சரிக்கை விடுத்தார் என்று பொருள். சாதாரணமாகக் கடிந்துகொண்டதற்கு அது சற்றுப் பெரிய சொல்.

கதை சொல்லும்போது கட்டுக்கதைகளையும் களைந்தாக வேண்டும். கூரை வேய்ந்த வீடுகளின் மேல் பூனையும் நாயும் படுத்திருக்கும், மழை வந்தால் வழுக்கி விழும், அதனால்தான் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடர் வந்தது என்று ஒரு விளக்கம் வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிறது. 1999இல் மின்னஞ்சலில் பரவிய, பதினாறாம் நூற்றாண்டு வாழ்க்கை பற்றிய ஒரு புரளிக் கட்டுரை இதைப் பரப்பியது. 'சேவ்ட் பை த பெல்' என்பதற்கு உயிரோடு புதைக்கப்பட்டவர்கள் கல்லறைக்குள்ளிருந்து மணியடித்ததாகக் கதை கட்டியதும் அதே கட்டுரைதான். உண்மையில் அது குத்துச்சண்டையில், வீழவிருந்த வீரரைச் சுற்று முடிந்ததை அறிவிக்கும் மணி காப்பாற்றுவதைக் குறிக்கும். 'ப்ளூ மூன்' என்றால் ஒரே மாதத்தில் வரும் இரண்டாம் முழுநிலவு என்ற விளக்கமும் பழமையானதன்று; 1946இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வெளியான கட்டுரை, பஞ்சாங்கக் குறிப்பு ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது. தொடர் அதற்கு முன்பே இருந்தது.

துறைமுகத்தான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 'டேபிள்' பற்றிய விளக்கத்தை எங்கள் குழுவினருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இலண்டன் சக ஊழியர் ஒருவர் அடிக்கடி 'ஐ'ம் ஒன்லி புல்லிங் யுவர் லெக்' என்கிறார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் குழுவில் ஒருவருக்கு முகம் சிறுத்துவிடுகிறது. மற்றொன்று, நானும் இவற்றை எழுதலாமா என்ற கேள்விக்கு இன்னும் நேரடியான விடை கிடைக்கவில்லை.

பதில்: இருமொழியான்

நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன். முகம் சிறுப்பதற்குக் காரணம் தமிழில் இருக்கிறது. நமக்குக் காலை வாருவது என்றால் நம்பவைத்துக் கவிழ்ப்பது. மேலே வருபவரைக் கீழே தள்ளுவது. இந்திய ஆங்கிலத்திலும், குறிப்பாக அரசியல் செய்திகளில், 'லெக் புல்லிங்' என்பது பெரும்பாலும் இந்தப் பொருளிலேயே வருகிறது. பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளில் அதற்கு அவ்வளவு கனம் இல்லை. ஒரு பொய்யை உண்மைபோல் சொல்லி, எதிரில் இருப்பவர் நம்புகிறாரா என்று பார்த்துச் சிரிக்கும் விளையாட்டுதான் அது. நாம் கலாய்ப்பது என்கிறோமே, அது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், தெளிந்துவிடுவார். இதற்கு மாறாக முதலைக் கண்ணீர், வெள்ளை யானை, பூனைக்கு மணி கட்டுவது போன்றவை இரு மொழிகளிலும் ஒரே பொருளில் இருப்பதால் அங்கே இடறி விழ வாய்ப்பில்லை. ஒரு தொடர் நம் மொழியில் இருப்பதைப்போலவே தோன்றி, சற்றே விலகி நிற்கும்போதுதான் அகராதியைத் திறக்க வேண்டும்.

எழுதலாமா என்ற கேள்விக்கு என் விடை: எதிர்த் தரப்பினர் உங்களுக்கு எழுதிய தொடரை, அவர்கள் எழுதிய அதே வடிவத்தில், அவர்களுக்கே திரும்ப எழுதலாம், அதைத் தாண்டிப் போக வேண்டாம். மரபுத்தொடர் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கூட மாற்ற இடம் தராது. 'ஆன் த சேம் பேஜ்' (ஒரே புரிதலில் இருப்பது) என்பதை நம்மவர்கள் 'இன் த சேம் பேஜ்' என்று எழுதுகிறார்கள். 'கால் இட் எ டே', 'இன் எ நட்ஷெல்' (சுருக்கமாக) ஆகியவற்றில் நடுவே உள்ள அந்தச் சின்ன 'எ' நம் கையில் காணாமல் போய்விடுகிறது, ஏனெனில் தமிழில் அத்தகைய சொல்லுக்கு வேலையே இல்லை. செயப்பாட்டு வினையாக்கினால் இன்னும் வேடிக்கை. 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றால் இரகசியம் வெளியானது என்ற பொருள் நிற்கும். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் மரணம் மறைந்து வெறும் வாளி மட்டுமே மிஞ்சும். எது வளையும், எது வளையாது என்பதை விதியாகச் சொல்ல முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் பிடிபடும். ஒப்பந்தம், விலை, இழப்பீடு, கெடு ஆகியவற்றைத் தொடும் மின்னஞ்சலில் மட்டும் எந்த மரபுத்தொடரும் வேண்டாம். தாய்மொழியாளர்களே அங்கே முட்டிக்கொண்டதை நீங்களே கண்ணால் கண்டுவிட்டீர்களே.

நீங்கள் முதலில் கேட்டவற்றுள் இரண்டு விடுபட்டுவிட்டன. 'டேக் இட் ஆஃப்லைன்' என்பதற்கும் இணையத் தொடர்புக்கும் சம்பந்தமில்லை. இந்தச் சிக்கலை இத்தனை பேர் முன்னால் பேச வேண்டாம், தொடர்புடையவர்கள் மட்டும் தனியே பேசிக்கொள்வோம் என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை. ஆகவே அதைக் கேட்டதும் விவாதத்தைத் தொடராமல் நிறுத்திவிட வேண்டும். 'சர்க்கிள் பேக்' என்றால் இதற்குப் பிறகு மீண்டும் வருவோம் என்று பொருள். எப்போது என்பதை அது சொல்வதில்லை. சொல்ல விரும்பாதபோது அதைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. டெமரேஜ் நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் என்பதால், யாராவது அப்படிச் சொன்னால் அன்றே ஒரு குறுமடல் அனுப்பி, எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.